கோழியின் இரண்டு ஓட்டு

இருட்டியதும் கூட்டின் தகரத்தை ஏதோ பிறாண்டும் சத்தம் கேட்டது; காவல் நாய் குரைத்ததும் நின்றது. ஆனாலும் தாழ்ப்பாள் உடைந்த கதவில் முதுகை அழுத்தி, நான்கு குஞ்சுகளையும் இறக்கைக்குள் பொத்திக்கொண்டு கோழி விடியும்வரை உட்கார்ந்திருந்தது.

காலையில் தேர்தல். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு: ஒன்று காவலுக்கு, ஒன்று கதவுகளைப் பழுதுபார்க்க. போன முறை இரண்டுமே நாய்க் கட்சிக்குத்தான். காவலுக்கு ஒரு நாய், கதவுக்கு அதன் மச்சான். இந்த முறை எதிர்த்து வாத்துக் கட்சியும் நின்றது.

"ரெண்டும் நமக்குத்தானே, தங்கச்சி?" என்றது காவல் நாய்.

"காவலுக்கு உங்களுக்குத்தான் அண்ணே. உங்களை மாதிரி யாரு குரைப்பா? கதவுக்கு வாத்துக்குப் போடறேன்."

"வாத்துக்கா! அது சுத்தியலைக் கண்ணால பார்த்திருக்குமா?"

"தெரியாது. ஆனா தாழ்ப்பாள் உடைஞ்சிடுச்சுன்னு உங்ககிட்ட எத்தனை தடவை அழுதேன்? 'மச்சானைப் போய் நான் எப்படித் திட்டறது'ன்னு கேட்டீங்களே."

நாய் காதைச் சொறிந்துகொண்டது.

காவலுக்கு நாயும் கதவுக்கு வாத்தும் ஜெயித்தன. முடிவு வந்த மத்தியானமே நாய் வாத்தின் வாசலில் நின்று ஊரே கேட்கக் குரைத்தது. "பதவிக்கு வந்து ஒரு மணி நேரமாச்சு! கோழி வீட்டுத் தாழ்ப்பாள் எங்கே?"

"உன் மச்சான்கிட்ட ஒரு நாளாவது இப்படிக் கேட்டியா?" என்று முணுமுணுத்தபடி, வாத்து ஆணியை அலகில் கவ்விக்கொண்டு ஓடியது.

பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. குஞ்சுகளை உள்ளே தள்ளிவிட்டு, கோழி கதவைச் சாத்தி உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.