சந்தை திறக்கும் நேரம்

“சிமென்ட் கம்பெனி ஏறிக்கினே இருக்குதுப்பா. அதையே வாங்கு” என்றான் செழியன். லேப்டாப் திரையில் பத்துக் கம்பெனிகளின் விலைகள் நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருந்தன.

அப்பா சுப்புராயன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் கரும்பு எடை போட்டுவிட்டு, போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். “நீ ஒண்ணுமே அமுக்கல. வெல பாட்டுக்கு வந்துக்கினு இருக்குது, எப்படிறா?”

“இதுக்குப் பேரு வெப்சாக்கெட்டுப்பா. ஒவ்வொரு தபாவும் போயி வெல இன்னான்னு கேக்க வேணாம். போனக் கட் பண்ணாமயே வச்சிருக்கற மாதிரி. வெல மாறுனா அவனே சொல்லிடுவான்.”

அதுதான் செழியனின் பிழைப்பு. யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த வெப்சாக்கெட் லைப்ரரி என்னும் ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றை வைத்து, ஒரு பங்குத் தரகு நிறுவனத்துக்குப் புரோகிராம் எழுதுகிறான். கள்ளக்குறிச்சி வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். அந்தத் திரை அப்பாவின் கண்ணில் பட்டது வினையாகிவிட்டது. ஓய்வுப் பணம் மொத்தத்தையும் பங்கில் போடப்போவதாக ஒரே பிடிவாதம். அம்மா விஜயலட்சுமிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரு பந்தயம் முடிவாகியிருந்தது. செவ்வாய் முதல் வெள்ளி வரை நாலு நாள் காசு போடாமல் சும்மா வாங்கி விளையாடுவது. காலையில் அப்பா ஒரு கம்பெனியைச் சொல்ல வேண்டும்; சந்தை முடியும்போது அது ஏறியிருந்தால் அவருக்கு வெற்றி. மூன்று நாள் ஜெயித்துவிட்டால் செழியன் அவருக்கு நிஜமாகவே கணக்குத் தொடங்கிக் கொடுப்பான். இல்லையென்றால் பணம் அம்மா பேரில் போஸ்ட் ஆபீஸுக்குப் போகும்.

இதில் செழியன் ஒரு வேலை செய்திருந்தான். புரோகிராமில் முகவரி எழுதும் இடத்தில் ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டான். இணைப்பு மும்பைப் பங்குச் சந்தைக்குப் போகவே இல்லை. அதே லேப்டாப்புக்குள், முந்தைய சந்தை நாளில் பதிந்து வைத்த விலைகள்தான் ஓடின. எது விழும் என்று காலையிலேயே அவனுக்குத் தெரியும்; அதைத்தான் வாங்கச் சொல்வான். பெற்ற தகப்பனை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. அம்மா நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை அப்பா வாங்கிய அந்தச் சிமென்ட் ஏழு ரூபாய் இறங்கி முடிந்தது. அப்பா நம்ப முடியாமல் திரையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அன்றைக்கு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டாள்.

புதன்கிழமை செழியன் டயர் கம்பெனியைக் காட்டினான். “வேணாம்டா. மருந்து கம்பெனி போடு” என்றார் அப்பா. டயர் விழுந்தது, மருந்து ஏறியது. ஏதோ குருட்டாம்போக்கில் அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை ஒன்பது மணியிலிருந்து அப்பா வாசலிலேயே நின்றார். “ஆரம்பிச்சிடாதடா. பேப்பர் இன்னும் வரல. ராசிபலன் பாக்காம நான் காசத் தொட மாட்டேன்.”

பேப்பர் வர ஒன்பதே காலுக்கு மேல் ஆகிவிட்டது. செழியன் காத்திருந்தான். ஒன்பதே காலுக்குத் திறக்க வேண்டிய மும்பைச் சந்தை, அன்றைக்கு மட்டும் அந்த லேப்டாப்பில் ஒன்பதரை மணிக்குத் திறந்தது. அப்பா கடிகாரத்தைப் பார்க்காதது நல்லதாய்ப் போயிற்று. அவர் சாவகாசமாக வந்து உட்கார்ந்து, “பேங்கு” என்றார். பேங்க் ஏறியது.

செழியனின் ஆச்சரியம் பயமாகி, பயம் பக்தியாகிவிட்டது. நடந்து முடிந்ததைத் தெரிந்து வைத்துக்கொண்டு அவன் புளுகுகிறான். அந்தப் புளுகையும் தாண்டி அப்பாவின் கை சரியான இடத்தில் போய் நிற்கிறது. இப்படிப்பட்ட ஆளையா முப்பது வருஷம் கரும்பு எடை போட வைத்தார்கள்?

வெள்ளிக்கிழமை சந்தை மோசம். பதிந்து வைத்திருந்த விலைகளில் பத்தில் ஒன்பது விழுந்திருந்தன. அப்பா வந்து உட்கார்ந்ததும் அந்தப் பத்தாவது கம்பெனியின் பெயரைச் சொன்னார். செழியன் லேப்டாப்பை மூடிவிட்டான்.

“போதும்பா. நீ ஜெயிச்சிட்ட. இப்ப சொல்லு, இன்னிக்கி ஒண்ணே ஒண்ணு வாங்குறதுன்னா எத வாங்குவ?”

அப்பா காபியை ஒரு வாய் உறிஞ்சினார். குரலில் முதலாளிக் களை வந்துவிட்டிருந்தது. “சர்க்கரதான். வேற இன்னா?”

செழியன் தன் செல்போனை எடுத்து நாலு தட்டுத் தட்டினான். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இன்னாடா பண்ற?”

“மூணு வருஷமா எழுவதாயிரம் சேத்து வச்சிருந்தேனேம்மா. மொத்தத்தையும் சர்க்கரையில போட்டுட்டேன்.”

சுப்புராயனின் டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. “வெளையாட்டுக்குத்தானே?”

“நெசமாத்தாம்பா.”

“யாரக் கேட்டுடா போட்ட?”

“ஒன்னக் கேட்டுத்தான். நாலு நாளா நான் ஓட்டுனது பூரா முந்துன நாளு வெலப்பா. எது எறங்கும்னு தெரிஞ்சிக்கினே ஒனக்குத் தப்புத் தப்பா சொன்னேன். அதுலயே ஜெயிச்சவன், இன்னிக்கி வெலயில தோத்துடுவியா?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். மூடிக்கிடந்த லேப்டாப்பைப் பார்த்தார். வாயைத் திறந்தால் ஜெயித்த பந்தயம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளை சம்பாதித்த காசு. மனசு கேட்கவில்லை.

“மொதல்ல அத்த வித்துடு. காலையில நான் பாக்கற பேப்பர்லயும் நேத்து வெலதான்டா போடறான்.”