மடங்க வேண்டிய விரல்

மலேசியாவின் கிள்ளான் நகரில் எலும்பு மருத்துவராக இருக்கும் புனிதா, எக்ஸ்ரே படத்தைச் சபாபதியிடம் காட்டினார்.

"கால் பெருவிரல் மூட்டு தேஞ்சு போச்சு அங்கிள். ரெண்டு எலும்பையும் ஸ்குரூ போட்டு ஒட்ட வெச்சிட்டா வலியே இருக்காது. ஆனா விரல் மடங்காது."

"ஐயோ, மடங்கணும் டாக்டர்!"

"துருத்திக்கிட்டு நிக்கிற எலும்பைச் சீவி விட்டா மடங்கும். ஆனா வலி திரும்ப வரலாம்."

"வந்தா வரட்டும் லா. மூணு மாசத்துல நான் மண்டி போட்டு, விழுந்து கும்பிடணும். விரல் மடங்கலன்னா எப்படி?"

இந்த வலியிலும் இப்படி ஒரு பக்தியா என்று புனிதாவுக்கு மனம் இளகிவிட்டது.

"நின்னுக்கிட்டே கும்பிடுங்க அங்கிள். சாமி கோவிச்சுக்காது."

"சாமி கோவிச்சுக்காது டாக்டர். எங்க கட்சித் தலைவர் கோவிச்சுக்குவாரு. இந்தத் தேர்தல்ல சீட்டு கிடைக்கலன்னா எனக்கு இனி கிடைக்கவே கிடைக்காது."

அவர் தலைவரின் பெயரைச் சொன்னதும் புனிதா வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டார். முந்தின நாள்தான் அந்தத் தலைவர் இதே நாற்காலியில் உட்கார்ந்து, காலில் விழுகிறவர்கள் எல்லாரும் தன் வீங்கிய இடது பெருவிரலையே பிடித்து அமுக்குகிறார்கள் என்று கண் கலங்கினார். ஒரு நோயாளியின் கதையை இன்னொரு நோயாளியிடம் சொல்லக்கூடாது. ஆனால் சபாபதியின் முகத்தைப் பார்த்தபின் சும்மா இருக்கவும் முடியவில்லை.

"சரி, மடங்கற மாதிரியே செஞ்சிடலாம்" என்றார். "ஆனா விழும்போது வலது காலை மட்டும் தொடுங்க அங்கிள்."