தராசு முள்

எங்கள் தீவிலிருந்து பார்னு நகரத்துக்குப் போகும் சின்ன விமானத்தில் ஏறுமுன் எல்லோரும் கோட்டோடு தராசில் நிற்க வேண்டும். முன்பெல்லாம் அவரவர் வாயால் சொன்ன எடையைத்தான் அப்போது இந்த வேலையில் இருந்த வில்லெம் எழுதிக்கொள்வார். கோட்டுக்குள் ஒளித்த மீனை யாரும் சொன்னதில்லை. பாரம் தாங்காமல் விமானம் உறைந்த கடலில் விழுந்த அன்று அவரும் அதில் போனார். அன்றைய தாள் இன்னும் சுவரில் இருக்கிறது. கடைசி வரி: வில்லெம், எண்பத்தொன்று.

அதற்குப் பிறகு, இப்போது நான் பார்க்கும் இந்த வேலைக்கு ஒரே விதிதான். முள் காட்டுவதை எழுத வேண்டும்.

நேற்றுக் காலை கடைசியாக சல்மே அக்கா இறங்கிய பிறகும் முள் கீழே வரவில்லை. காலித் தராசு எண்பத்தொன்று காட்டியது. எழுதினேன். பாரம் வரம்பை மீறியது.

"தராசு கெட்டுப்போச்சுன்னா என் மீனை இறக்கணுமா? மருமக மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார் அக்கா.

"முள்ளு சொன்னா சொன்னதுதான். இறக்குங்கக்கா," என்றார் விமானி ரெய்ன்.

அக்காவின் இரண்டு மீன் கூடைகளும் இறங்கின.

கிளம்பிய விமானம் ஓடுபாதை தாண்டியதும் தாழ்ந்தது. சக்கரங்கள் பைன் மர உச்சிகளை உரசின. பிறகு எழும்பியது.

அரை மணியில் ரெய்ன் போன் செய்தார். "வந்து சேந்துட்டோம். இறக்கையில பனி உறைஞ்சு பாரம் ஏறிடுச்சு. மீனும் இருந்திருந்தா மரத்துல தொங்கியிருப்போம். அக்கா மீனைப் பத்திப் பேச்சே எடுக்கல."

போனை வைத்துவிட்டுத் தராசைப் பார்த்தேன். முள் இன்னும் எண்பத்தொன்றில்தான் நின்றது.

"எல்லாரும் பத்திரமா எறங்கிட்டாங்க, வில்லெம் அண்ணே," என்றேன்.

யாரோ தராசைவிட்டு இறங்கியதுபோல் முள் இரண்டு முறை ஆடி, பூஜ்யத்துக்கு வந்தது.