பதினேழாவது வீடு

“ஹீட்டரைப் போடுங்க டீச்சர்” என்றார் வயர்மேன், ஹால் விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உள்ளே சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது.

குளியலறை விளக்கு அழுதுவடிந்தது. ஹால் விளக்கோ பட்டப்பகலிலும் கண் கூசும்படி எரிந்தது.

டீச்சர் இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் டிவி போச்சு, ஃபிரிட்ஜ் போச்சு, மாற்றி மாற்றிப் போட்ட ஐந்து பல்புகளும் போச்சு. வீடு ராசியில்லை என்று அவள் கணவர் வேறு வீடு தேட ஆரம்பித்துவிட்டார்.

வயர்மேன் மீட்டரின் இரண்டு முனைகளையும் பிளக்கில் செருகிப் பார்த்தார். இருநூற்று முப்பது வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் முந்நூற்றுப் பத்து காட்டியது.

“ஆஃப் பண்ணுங்க” என்று அவர் கத்தி முடிப்பதற்குள் ஹால் விளக்கு டப்பென்று வெடித்தது. ஓடிப்போய் மெயினை இறக்கினார்.

டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை.

“லைட் பளிச்சுன்னு எரியுதேன்னு சந்தோஷப்படக் கூடாது டீச்சர். அதுதான் ஆபத்து.”

அவர் பொறுமையாக விளக்கினார். வீட்டுக்குள் கரன்ட் கொண்டுவரும் கம்பிகள் மூன்று. எல்லாம் திரும்பிப் போக நியூட்ரல் கம்பி ஒன்றே ஒன்று. அது எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஹீட்டர் மாதிரி பெரிய சாமான் ஒன்றைப் போட்டதும் அந்தப் பக்கம் கரன்ட் இறங்கிவிடும், மற்ற அறைகளில் தலைகால் தெரியாமல் ஏறும். இதுவரை சாமான்களோடு போனதே பெரிய விஷயம். ஒரு சார்ஜர் தீப்பிடித்து பக்கத்தில் திரைச்சீலை இருந்திருந்தால் ஆள் கூட மிஞ்சியிருக்க முடியாது.

சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்து மீட்டர் பெட்டியைத் தேடிப் போனார். விசிலடிக்காத குறைதான். இன்றைக்கு அவர் நல்ல குஷியில் இருந்தார். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு தன் வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. காலையில் போனில் பேசியவள், பாப்பா வந்த நேரம் ரூமே பிரகாசமாகிவிட்டது, பழைய லைட்டுதான், என்னமாய் எரிகிறது என்றாள். “பின்னே, யாரு பேத்தி!” என்று நடுரோட்டில் வண்டியை நிறுத்திச் சிரித்தார் இவர். வந்ததும் வராததுமாக இதை டீச்சரிடமும் சொல்லியாகிவிட்டது.

பின்சந்தில், பெட்டிக்கு மேலே, நியூட்ரல் இணைப்பு கரிக்கட்டையாகத் தொங்கியது.

முன்னால் வேலை பார்த்தவனைத் திட்டாமல் எந்த வயர்மேனும் வேலையில் கை வைப்பதில்லை. இவர் அதில் கெட்டிக்காரர்.

“எந்தக் கடன்காரன் பண்ண வேலை இது? அலுமினியத்தையும் செம்பையும் சும்மா கையால முறுக்கி விட்டிருக்கான். ஒரு கனெக்டர் போட வக்கில்ல. இவனுக்கெல்லாம் புள்ளகுட்டியே இருக்காதா?”

“யாருன்னு கண்டுபிடிக்க முடியுமாண்ணா?” என்று கேட்டாள் டீச்சர்.

முறுக்கின் மேல் சுற்றியிருந்த டேப்பின் நுனியைத் தேடினார். உருகியது போக மிச்சமிருந்த இடத்தில் நுனி முக்கோணமாக உள்பக்கம் மடித்து ஒட்டப்பட்டிருந்தது. அடுத்த முறை பிரிக்கும்போது நகம் வலிக்கக் கூடாது என்பதற்காக அப்படி மடிப்பது ஒருவருடைய வழக்கம்.

அவர் கை அப்படியே நின்றது.

நிமிர்ந்து சந்தைப் பார்த்தார். முன்வாசல் வழியாக வந்ததில் தெரியாமல் போய்விட்டது. நாலு மாதத்துக்கு முன் புயலில் கம்பிகள் அறுந்து விழுந்த மறுநாள், இதே சந்தில் முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறார். அன்று ஒரே பகலில் பதினேழு வீடு. மத்தியானத்துக்குள் கனெக்டர் தீர்ந்துபோனது. கடை எதுவும் திறக்கவில்லை. இப்போதைக்கு முறுக்கி விடுவோம், அடுத்த வாரம் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தார். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

எந்த வீட்டுக்குக் கனெக்டர் போட்டோம், எதற்குப் போடவில்லை என்று யோசித்தார். ஒன்றும் நினைவில்லை.

ஒரே ஒரு வீடு நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து நாலு தடவை கூப்பிட்ட வீடு. நம்ம வீடுதானே, மற்றவர்களுக்கு முடித்துவிட்டு வருகிறேன், நீ கொஞ்சம் பொறுத்துக்கோ என்று அதைத்தான் கடைசியாக, பதினேழாவதாக வைத்தார். வயிற்றில் மூன்று மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு... இல்லை, ஐந்து மாதம். அதுகூடச் சரியாக நினைவில்லை. மெழுகுவத்தியைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தாள் மகள்.

“என்னண்ணா, ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?”

அவர் போனை எடுத்து மகளின் எண்ணை அழுத்தினார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். உயிர் திரும்பி வந்தது.

“அப்பா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பாப்பாவைக் குளிப்பாட்ட வெந்நீர் போடணும், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க.”

“வேணாம்மா! எதையும் தொடாத, மெயினை இறக்கு, கேக்குதா...”

அங்கே குழந்தை வீறிட்டு அழுதது. இவருடைய கத்தல் அதில் கரைந்துபோனது.

அழுகைக்கு நடுவே, சுவிட்ச் தட்டும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.