ராஸ்கோவின் பாதி

அரசாங்க ஓய்வூதிய அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் அச்சாகி வந்த தாளை நீட்டினாள். வெர்லீன் முதலில் ஐந்தாம் கட்டத்தைத்தான் பார்த்தாள். போன வருடம் முழுக்க அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த ஓய்வுத் தொகை அதில்தான் இருக்கும்.

"கூடியிருக்கு," என்றாள். முகம் மலர்ந்துவிட்டது.

வருமான வரிக்கு வேண்டிய சீட்டு இது. ஜனவரியில் தானாகத் தபாலில் வரும். இந்த வருடம் வரவில்லை. பனி வழுக்குமென்று, அவளோடு பழகிவரும் எல்வுட் வாசல்வரை கைபிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வண்டியில் காத்திருக்கிறார்.

ஆனால் அவள் வந்தது வரிக்காக மட்டுமல்ல.

அந்தத் தொகை, அவளைக் கைவிட்ட முன்னாள் கணவன் ராஸ்கோ வேலை பார்த்த கணக்கைக் காட்டி வருவது. பத்து வருடம் மனைவியாக இருந்தவளுக்கு, விவாகரத்துக்குப் பிறகும் அவன் ஓய்வுத் தொகையில் பாதி அளவு பெற உரிமை உண்டு. வெர்லீன் பதினோரு வருடம் இருந்தாள்.

தகப்பனை அடக்கம் செய்துவிட்டு அவள் ஊரிலிருந்து திரும்பிய அன்று வேறொருத்தி கதவைத் திறந்தாள். வெர்லீனின் குளியல் அங்கியைத்தான் போட்டிருந்தாள். "யார் வேணும்?" என்று கேட்டாள்.

அதனால் ஏழு வருடமாக, ஒவ்வொரு பிப்ரவரியிலும், வெர்லீன் இந்தச் சீட்டை நகல் எடுக்கிறாள். ஐந்தாம் கட்டத்தில் மஞ்சள் மை தடவி, ராஸ்கோவுக்கு அனுப்புகிறாள். கடிதம் எதுவும் வைப்பதில்லை. உன் பாதியை நான் தின்கிறேன் என்பதை அந்த மஞ்சளே சொல்லிவிடும்.

மறுபடி கல்யாணம் செய்துகொண்டால் மட்டும் இது நின்றுபோகும்.

எல்வுட் ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய ரயில்வே பென்ஷனே இருவருக்கும் தாராளம். "நீ இன்னும் அவனுக்குத்தான் பொண்டாட்டியா இருக்கே," என்று ஒருநாள் சொல்லிக்காட்டினார். அப்போதும் அவள் அசையவில்லை.

"அவனுக்கு எவ்வளவு கொறச்சீங்க?" என்று கண்ணாடியை ஒட்டிக் குனிந்து கேட்டாள்.

"யாருக்கும்மா?"

"ராஸ்கோவுக்குத்தான். எனக்குக் கூடினா அவனுக்குக் கொறையணுமே."

அந்தப் பெண் இரக்கத்தோடு சிரித்தாள். "இல்லம்மா. உங்களுக்குக் குடுக்கிறது தனி. அவரோடதுல ஒரு சென்ட்கூட தொடறதில்ல. என்னைக்குமே தொட்டதில்ல. நெறையப் பேரு இப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்காங்க."

வெர்லீன் கையுறையைக் கழற்றினாள். திரும்பவும் மாட்டிக்கொண்டாள்.

ஏழு வருடம். ராஸ்கோ ஒரு வேளைகூடக் குறைவாகச் சாப்பிட்டிருக்க மாட்டான்.

"அது அவனுக்குத் தெரியுமா?"

"நாங்க சொல்றதில்ல. உங்களுக்குக் குடுக்கிறோம்னுகூட அவர்கிட்ட சொல்லமாட்டோம்."

"அப்போ நான் அனுப்புறத வச்சு மட்டும்தான் அவனுக்குத் தெரியும்."

அடுத்தவரின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வண்டிக்குள் கதகதப்பாக இருந்தது. எல்வுட் அவள் காலுக்குக் கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டு வண்டியை எடுத்தார். முச்சந்தியில் நிறுத்தினார். இடது பக்கம் கல்யாணத்துக்கு அனுமதிச் சீட்டு எழுதித் தரும் கோர்ட்டுக் கட்டடம். வலது பக்கம் தபால் நிலையம்.

"எந்தப் பக்கம், மகாராணி?"

வருடா வருடம் கேட்பதுதான். அவள் பதிலுக்கு ஒரு நொடிகூட எடுத்துக்கொண்டதில்லை.

இந்தமுறை இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டடத்தின் படிகளில் யாரோ உப்புத் தூவிக்கொண்டிருந்தார்கள். எல்வுட்டின் விரல்கள் ஸ்டீயரிங்கில் அசையாமல் இருந்தன. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

"வலது பக்கம்," என்றாள்.

அவர் வண்டியை வலப்புறம் திருப்பினார். கொஞ்ச தூரம் போன பிறகு, அவள் மனம் குளிரட்டும் என்றுதான் கேட்டார்.

"இந்த வருஷம் அவனுக்கு நல்லா கொறஞ்சிருக்கா?"

"நெறைய," என்றாள் வெர்லீன்.