ஓரமில்லாத சதுரங்கம்

காரைக்கால் கடற்கரையில் வெயில் தணிந்துவிட்டது. எழிலன் குனிந்து, சவுக்குக் குச்சியால் ஈரமணலில் மேலும் மேலும் கட்டங்கள் கிழித்துக்கொண்டே போகிறான். அவன் இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொண்ட சதுரங்கம் இது. பலகைக்கு ஓரமே கிடையாது, காய் போகிற தூரம்வரை கட்டமும் நீளும். யானை, குதிரையோடு பருந்தும் உண்டு. ஒரு சோடா மூடிதான் பருந்து. நடுவில் எந்தக் காய் நின்றாலும் தாண்டிப் போய் இறங்கும். எதிரே குத்துக்காலிட்டிருக்கும் அவன் மனைவி வெண்மதி சிப்பாய்க் கிளிஞ்சலை எடுக்கிறாள், வைக்கிறாள், மறுபடி எடுக்கிறாள். காற்று முந்தானையைப் பிடுங்குகிறது. மடியிலிருக்கும் கைப்பேசியைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைக்கிறாள். அவளுடைய பள்ளி வேலை பற்றிய புதுச்சேரி அரசு உத்தரவு மத்தியானமே அதில் வந்துவிட்டது. எங்கோ தள்ளி அடிக்கிற அலை தன் காலடியில் அடிப்பதுபோல் இருக்கிறது அவளுக்கு. “பருந்தால ராஜாவுக்கு செக் வச்சிருக்கேன், நீ பாட்டுக்கு சிப்பாய நவுத்துற. என்ன ஆச்சு ஒனக்கு?” என்கிறான் எழிலன். “என்னய ஏனாம் ஸ்கூலுக்கு மாத்திட்டாங்கங்க. திங்கக்கெழம சேரணும்.” குச்சி பாதிக் கோட்டில் நின்றுவிடுகிறது. “ஏனாமா? ஆந்திரா பக்கமாச்சே அது. அப்ப பாப்பா?” “அங்க நான் ஸ்கூலுக்குப் போயிட்டா அவள யாருங்க பாத்துப்பா? இங்க அத்தைகிட்டயே இருக்கட்டும்.” எழிலன் கட்டங்களின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறான். “நீ பக்கத்துல படுக்கலன்னா அது தூங்காதே, வெண்மதி.” அவள் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள்: “எனக்கு மட்டும் தூக்கம் வருமாங்க?”