காலியாக விட்ட எட்டு பிட்டுகள்

சோதனை மேசையில் மணி அலறியது. தெரியாத பதிப்பில் செய்தி வந்தால் மட்டுமே அடிக்கும் மணி அது. கருவிகள் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் போகும் தலைப்பை இளம் பொறியாளரான அவளும் அவள் மேலாளரும் வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் பதிப்பே இன்னும் முடியவில்லை.

அதில் எட்டு பிட்டுகளை, அதாவது பூஜ்யமோ ஒன்றோ எழுதும் எட்டு இடங்களை, அவள் எதிர்காலத்துக்கென்று காலியாக விட்டிருந்தாள். பகல் கூட்டத்தில் அவற்றை வெட்டிவிடுவதாகச் சபதம் செய்திருந்தார் மேலாளர் ‘கஞ்சப் பிரபு’. வெட்டினால் பின்னாளில் எதையும் சேர்க்க முடியாது என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டும் பயனில்லை.

“சார், ஓடி வாங்க! ஒன்பதாவது பதிப்பாம்!”

“நீயே அனுப்பிட்டு என்கிட்டயே கதை விடறியா?” என்றபடி அவர் மேசையை வெளியே இணைக்கும் ஒரே கேபிளைத் தேடினார். அது எதிலும் செருகப்படாமல் அலமாரியில் சுருட்டியபடி கிடந்தது.

திரையில் அந்த எட்டு பிட்டுகளும் ஒன்றுவிடாமல் நிரம்பியிருந்தன. அவள் வாயெல்லாம் பல்லாகக் கைதட்டினாள்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுச் செய்தியையும் படித்த கஞ்சப் பிரபு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

“எட்டு பத்தலையாம், பதினாறா விடச் சொல்லுதும்மா. வருங்காலத்துலேர்ந்து வந்திருக்கு; அனுப்பினவர் பேர் இருக்கற இடத்துல என் பேர் இருக்கு.”